ஹாக்நோஸ் பாம்பு கடித்தால் ஆபத்தா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில், வட கரோலினாவில் இருக்கிறோம். போன மாதம் வீட்டுப் பின்புறத் தோட்டத்தில் ஒரு பாம்பு கழுத்தை விரித்து, நாகம் மாதிரிச் சீறியது. என் கணவர் மண்வெட்டி எடுத்துவரப் போனார். அவர் வருவதற்குள் அது மல்லாந்து, வாயைப் பிளந்து செத்துக் கிடந்தது. அது ஹாக்நோஸ் பாம்பு, ஒன்றும் செய்யாது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். கொஞ்ச நேரத்தில் பாம்பையே காணோம்! அன்றிலிருந்து 10 வயது மகன், வெஸ்டர்ன் ஹாக்நோஸ் ஒன்று வளர்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறான். விற்பவர் அதற்கு விஷமே இல்லை என்கிறார். இணையத்தில் விஷம் உண்டு என்று எழுதியிருக்கிறது. வீட்டில் 3 வயதில் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறாள். யார் சொல்வதை நம்புவது? கடித்துவிட்டால் என்ன செய்வது?

பதில்:

விற்பவர் சொன்னது தவறு. ஹாக்நோஸுக்கு லேசான நஞ்சு உண்டு. ஆனாலும் அது கடித்து மனிதர் யாரும் இறந்ததாகப் பதிவு இல்லை. பெரும்பாலான கடிகள் கொஞ்சம் வீக்கம், சிவப்பு, அரிப்போடு முடிந்துவிடும். சில கடிகள் ஒரு கையையே சில நாட்களுக்கு வீங்க வைக்கும். எவ்வளவு நேரம் விடாமல் கடித்துக்கொண்டிருந்தது என்பதைப் பொறுத்துத்தான் பெரும்பாலும் இந்த வித்தியாசம் வருகிறது. வளர்ப்பதைப் பற்றி யோசிக்கும் முன் இதைப் புரிந்துகொள்வது முக்கியம்.

முதலில் தோட்டத்தில் நீங்கள் பார்த்தது. நீங்கள் சொல்லும் நடத்தை அப்படியே ஈஸ்டர்ன் ஹாக்நோஸுக்குப் பொருந்துகிறது. அறிவியல் பெயர் ஹெட்டரோடான் பிளாட்டிரைனோஸ். ஆளைக் கண்டதும் கழுத்து விலா எலும்புகளை விரித்துத் தலையையும் கழுத்தையும் தட்டையாக்கும். காற்றை உள்ளிழுத்து உடம்பை உப்பவைத்துப் பலமாகச் சீறும். பிறகு பாய்ந்து கொத்துவதுபோல் வரும். கூர்ந்து கவனித்தால் பெரும்பாலும் வாய் மூடியே இருக்கும், மூக்கால்தான் இடிக்கும். நாகம் முன்னுடம்பை உயரத் தூக்கிப் படம் எடுக்கும். இது தரையை ஒட்டியே கழுத்தை விரிக்கும்.

அதற்கும் நீங்கள் நகராவிட்டால் அடுத்த கட்டம். உடம்பை முறுக்கிப் புரண்டு மல்லாந்துவிடும். வாய் திறந்து நாக்கு வெளியே தொங்கும். கழிவுப் புழையிலிருந்து நாற்றமடிக்கும் திரவம் வரும், அப்போதுதான் தின்றிருந்தால் அதையும் கக்கிவிடும். சில சமயம் வாயில் இரத்தத் துளிகூடத் தெரியும். யாராவது அதைத் திருப்பிக் குப்புறப் போட்டால் உடனே மறுபடியும் மல்லாந்துகொள்ளும். அப்போதும் சுற்றி நடப்பதை அது கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது. முட்டையிலிருந்து வெளிவந்த குட்டிகளை வைத்து கோர்டன் பர்கார்ட், ஹாரி கிரீன் இருவரும் செய்த ஆய்வு 1988-இல் வெளிவந்தது. மனிதர் தங்களை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தபோது குட்டிகள் எழுந்திருக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டன, பார்வை வேறு பக்கம் திரும்பியிருந்தபோது சீக்கிரம் எழுந்தன. உங்கள் தோட்டத்துப் பாம்பு காணாமல் போனதும் இப்படித்தான். எல்லோரும் உள்ளே போனதும் நிமிர்ந்து புரண்டு கிளம்பியிருக்கும்.

இனி ஒரு எச்சரிக்கை. வட கரோலினாவில் நச்சுப்பாம்புக் கடிகளில் பெரும்பாலானவை காப்பர்ஹெட் என்ற குழிவிரியன் கடித்தவை. ஹாக்நோஸ் என்று நினைத்துக் காப்பர்ஹெட்டை நெருங்குவதுதான் உங்கள் தோட்டத்தில் நடக்கக்கூடிய மோசமான விபத்து. ஹாக்நோஸுக்கு மூக்கு நுனிச் செதில் மேல்நோக்கி வளைந்திருக்கும், அதன் மேல் ஒரு முகடு ஓடும். தலை கழுத்திலிருந்து அவ்வளவாகப் பிரிந்து தெரியாது. ஈஸ்டர்ன் ஹாக்நோஸின் நிறத்தை வைத்து முடிவு செய்யவே கூடாது. மஞ்சள், சாம்பல், பழுப்பு, செம்மஞ்சள், முழுக் கறுப்பு எல்லாமே உண்டு. காப்பர்ஹெட்டின் பட்டைகள் முதுகின் நடுவில் குறுகியும் பக்கவாட்டில் அகன்றும் இருக்கும், தலை அகலமாகக் கழுத்திலிருந்து பிரிந்து தெரியும். கண்மணி வட்டமா நீளமா, கண்ணுக்கும் நாசிக்கும் நடுவில் குழி இருக்கிறதா என்பதெல்லாம் சரியான அடையாளங்கள்தான். ஆனால் அதைப் பார்க்கிற தூரத்துக்குப் போனாலே கடிபடும் தூரத்துக்குள் போய்விட்டோம் என்று அர்த்தம். 2 மீட்டருக்கு அப்பால் நின்று செல்பேசியில் பெரிதாக்கிப் படம் எடுங்கள், படத்தில் பார்த்துக்கொள்ளலாம். மூக்கு தெளிவாகத் தெரியவில்லை என்றால் அது அடையாளம் தெரியாத பாம்பு, அவ்வளவுதான்.

மகனுக்கு இன்னொன்றையும் சொல்லிவையுங்கள். மூக்கு மேல்நோக்கியிருந்தால் சாது என்று ஒரு விதியே கிடையாது. மத்திய அமெரிக்காவில் இருக்கும் போர்த்திடியம் வகைக் குழிவிரியன்களுக்கும் மூக்கு அப்படித்தான். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் உள்ள ஹிப்னேல் குழிவிரியனுக்கும் மூக்கு நுனி மேடிட்டிருக்கும். அது கடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் உண்டு, இந்தியாவில் வழக்கமாகப் போடும் நச்சுமுறி மருந்து அதற்கு வேலை செய்வதும் இல்லை.

மண்வெட்டிக்கு வேலையே இல்லை. குழந்தைகளையும் நாயையும் உள்ளே கூட்டிக்கொண்டு விலகிவிட்டால் அது தானாகப் போய்விடும். மணல் கலந்த மண்ணும் தேரைகளும் உள்ள இடத்துக்கு அது வரும், தேரைதான் அதன் முக்கிய இரை. அதே மாநிலத்தில் இருக்கும் சதர்ன் ஹாக்நோஸ் எண்ணிக்கை குறைந்துவரும், சட்டப் பாதுகாப்பில் உள்ள இனம். பயத்தில் ஒன்றைக் கொன்றாலும் அது பெரிய இழப்பு.

இப்போது நஞ்சு விஷயம். ஹாக்நோஸின் மேல்தாடையின் பின்கோடியில், இரு பக்கமும் பெரிய பற்கள் இருக்கின்றன. விரியனுக்கும் நாகத்துக்கும் இருப்பதுபோல உள்ளே துளையுள்ள ஊசிப்பற்கள் அல்ல, பள்ளம்கூட இல்லாத பற்கள். கண்ணுக்குப் பின்னால் டுவெர்னாய் சுரப்பி என்று ஒன்று உண்டு. அதில் சுரக்கும் திரவம் பல்லடியில் வந்து சேர்ந்து, பல் போட்ட காயத்துக்குள் கசிகிறது. அழுத்திப் பீய்ச்சும் அமைப்பு இல்லை. அதனால் நொடியில் கொத்திவிட்டு விலகும் கடியில் பெரும்பாலும் நஞ்சே இறங்காது. முன்வாயால் கவ்வி, தாடையை மாற்றி மாற்றி நகர்த்தி, பின்பல் வரை கொண்டுவந்து மென்றால்தான் இறங்கும். இரையைப் பிடித்தால் அது இப்படித்தான் செய்யும். தேரை தப்பிக்க உடம்பை ஊதிக்கொள்ளும், அதை விடாமல் பற்றி உள்ளே தள்ள அந்தப் பின்பற்கள் உதவுகின்றன. தேரையின் தோலில் இருக்கும், இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு ஹாக்நோஸை ஒன்றும் செய்வதில்லை. அதன் உயிரணுக்களில் உள்ள சோடியம்-பொட்டாசியம் பம்ப் புரதம் அந்த நஞ்சு ஒட்டாதபடி மாறியிருக்கிறது.

நம் ஊர்ப் பச்சைப் பாம்பும் பூனைப் பாம்பும் பின்பல் பாம்புகள்தான், அவற்றின் நஞ்சும் மனிதருக்கு லேசானதே. அதற்காகப் பின்பல் என்றாலே பயமில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆப்பிரிக்காவின் பூம்ஸ்லாங்கும் பின்பல் பாம்புதான். சிகாகோவில் கார்ல் ஷ்மிட் என்ற புகழ்பெற்ற பாம்பியல் அறிஞர் 1957-இல் அதன் குட்டி ஒன்று கடித்து மறுநாளே இறந்தார். ஹாக்நோஸின் நஞ்சு அந்த வகை அல்ல. ஆனால் அதிலும் திசுப் புரதங்களைச் சிதைக்கும் நொதிகள் இருக்கின்றன. வீக்கத்துக்கும் கொப்புளத்துக்கும் அவைதான் காரணம்.

பல் பட்டுக் கொஞ்ச நேரம் மென்ற கடியில், அரை மணி முதல் சில மணி நேரத்துக்குள் அந்த இடம் வீங்கத் தொடங்கும். விரலில் கடித்தால் விரலோடு நிற்கலாம், புறங்கை வரையும் ஏறலாம். மறுநாள் வீக்கம் உச்சத்துக்குப் போகும். இரத்தம் கட்டியதுபோல் நீலமாகலாம், தெளிந்த நீர் நிறைந்த கொப்புளங்கள் வரலாம், மூட்டு மடக்க முடியாமல் இறுகலாம். வலியைவிட அரிப்பும் இறுக்கமும் பெரிதாகத் தெரியும் என்பவர்கள் பலர். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகிவிடும். அரிதாக அதற்கு மேலும் போவதுண்டு. வெஸ்டர்ன் ஹாக்நோஸ் கவ்விக்கொண்டு விடாத ஒரு கடிக்குப் பிறகு, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்ததாக 2019-இல் ஒரு மருத்துவ அறிக்கை வெளியானது. கடிபட்டவர் தேறிவிட்டார். ஆனாலும் நீண்ட கடியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு அது போதுமான சான்று. ஒவ்வாமை வேறு விஷயம். எந்தப் பாம்பு நஞ்சும் ஒரு சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்கலாம், முன்பு கடிபட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம்.

கடித்துக் கவ்விக்கொண்டால் கையை இழுக்காதீர்கள். பற்கள் உள்நோக்கி வளைந்தவை. இழுத்தால் தோல் கிழியும், பல் முறிந்து உள்ளே தங்கும், பாம்புக்கும் தாடை உடையும். எல்லோரும் செய்வது இழுப்பதுதான், காயம் பெரிதாவதும் அதனால்தான். பாம்பின் உடம்பைத் தாங்கிப் பிடித்தபடி நேராகக் குழாயடிக்குப் போய், அதன் வாயின் மேல் குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிடுங்கள். பெரும்பாலும் விட்டுவிடும். விடவில்லை என்றால் பழைய வங்கி அட்டை போன்ற மெல்லிய பிளாஸ்டிக் ஒன்றை வாயின் பக்கவாட்டில் நுழைத்து, தலையை முதலில் முன்னோக்கித் தள்ளிப் பல்லைக் கழற்றி, பிறகு தூக்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் வாயோரம் இரண்டு சொட்டு வினிகரோ கிருமிநாசினித் திரவமோ விடலாம், பாம்பின் வாய் எரியும் என்பதால் அது கடைசி வழி. முதல் நிமிடத்துக்குள் விடுவிப்பதுதான் குறி. எத்தனை நிமிடம் கடித்துக்கொண்டிருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், மருத்துவர் கேட்கவேண்டிய முதல் கேள்வி அதுதான்.

பிறகு சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 5 நிமிடம் கழுவுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும், விரலுக்கு இரத்த ஓட்டமும் தடைப்படும். வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டுப் பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள், மணிக்கொரு முறை புதுக் கோடு. கையை நெஞ்சு உயரத்துக்கு மேல் தாங்கி வையுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும் (அங்கே அசிட்டமினோஃபென் என்ற பெயரில் கிடைக்கும்). தட்டணு குறையும் வாய்ப்பு இருப்பதால் ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் வேண்டாம். கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் கட்டியை நேரே வைப்பது எதுவும் கூடாது. டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள்.

மூச்சு வாங்குதல், முகமோ நாக்கோ வீங்குதல், உடம்பெங்கும் தடிப்பு, மயக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிடுங்கள். அப்படி இல்லாவிட்டாலும் கடி ஒரு நிமிடத்தைத் தாண்டியிருந்தாலோ, கடிபட்டது குழந்தை என்றாலோ, வீக்கம் மணிக்கட்டைத் தாண்டினாலோ நச்சு உதவி மையத்தை 1-800-222-1222 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். அமெரிக்கா முழுவதும் ஒரே எண், 24 மணி நேரமும் இலவசம். மருத்துவமனைக்குப் போனால் பாம்பின் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். குழிவிரியனுக்குக் கொடுக்கும் நச்சுமுறி ஹாக்நோஸ் கடிக்குத் தேவையில்லை. ஆனால் தட்டணு எண்ணிக்கையும் இரத்த உறைவுச் சோதனையும் பார்க்கச் சொல்லலாம். இன்னொரு குழப்பமும் நேரும். சிவந்து சூடாக வீங்கிய கையைப் பார்த்ததும் கிருமித்தொற்று என்று ஆன்டிபயாட்டிக் எழுதிவிடுவார்கள். முதல் ஓரிரு நாள் வீக்கம் பெரும்பாலும் நஞ்சின் வேலை. சில நாள் கழித்துக் காய்ச்சல் வந்தாலோ சீழ் பிடித்தாலோதான் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

வளர்ப்பில் கடி எப்படி நேர்கிறது என்று பார்த்தால், பெரும்பாலானவை கோபத்தில் கடித்தவை அல்ல, இரை என்று நினைத்துக் கடித்தவை. விரலில் எலி வாசனை இருக்கும், அல்லது தீனி நேரத்தில் கை உள்ளே போயிருக்கும். ஹாக்நோஸ் கண்ணைவிட மோப்பத்தை நம்பும் பாம்பு. சூடாகவும் எலி வாசனையோடும் வரும் விரலை அது விரல் என்று அறியாது. பசியில் கவ்வியதால்தான் விடாமல் மெல்லும். ஆகவே தீனியை 30 செ.மீ. நீள இடுக்கியால் மட்டுமே கொடுக்க வேண்டும். உறைந்த எலியை மூடிய பைக்குள் போட்டு, இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் உருகவிட்டு, பிறகு வெந்நீரில் வைத்துச் சூடாக்குங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், சமையல் பாத்திரமும் வேண்டாம். பாம்பைத் தொடும் முன் கை கழுவ வேண்டும், தொட்ட பின்னும் கழுவ வேண்டும். தூக்குவதற்கு முன் உருட்டிய காகிதத்தால் உடம்பின் நடுப்பகுதியை மெல்லத் தொட்டால், வருவது தீனியல்ல என்று அதற்குப் புரியும்.

தீனிக்கு வேறு பெட்டிக்கு மாற்றினால் கூண்டில் கடிக்காது என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தின்று முடித்து இன்னும் தீனி தேடும் வேகத்தில் இருக்கும் பாம்பைக் கையால் எடுத்துத் திரும்ப வைக்க வேண்டியிருக்கிறதே, அந்த நேரத்தில்தான் கடிக்கும். கூண்டிலேயே கொடுத்துவிட்டு 48 மணி நேரம் தொடாமல் விடுங்கள். அதற்குள் தூக்கினால் கக்கிவிடக்கூடும்.

இன்னொன்று, இந்தப் பாம்பு உண்ணாவிரதம் இருக்கும். குட்டிகள் எலியை இரையென்றே ஏற்காமல் அடம்பிடிக்கும், வளர்ந்த ஆண்கள் இனப்பெருக்கக் காலத்தில் மாதக்கணக்கில் தின்னாது. எடை குறையாதவரை கவலை இல்லை. ஆனால் வளர்ப்பவர்கள் பயந்துபோய், தினமும் எலியைக் கையில் பிடித்து மூக்கருகே ஆட்டுவார்கள். பல கடிகளின் தொடக்கம் அது.

கூண்டு விஷயத்தில் சுருக்கமாக. 90க்கு 45 செ.மீ. பெட்டி, புதைந்துகொள்ள 8 முதல் 10 செ.மீ. ஆழத்துக்கு ஆஸ்பென் மரச்சீவல் (தேவதாரு, பைன் சீவல் கூடாது), ஒரு பக்கம் 30 முதல் 32 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 23 முதல் 25, தண்ணீர்க் கிண்ணம், பூட்டு. சூடாக்கிக்குத் தெர்மோஸ்டாட் இல்லாமல் இணைப்புக் கொடுக்காதீர்கள், பாம்பின் வயிறு வெந்துபோகும்.

இதையெல்லாம் ஒரு 10 வயதுப் பையன், பெரியவர் கூட இருந்தால், ஒழுங்காகச் செய்வான். என் தயக்கம் உங்கள் 3 வயது மகளை நினைத்துத்தான். அதற்குக் காரணம் நஞ்சு அல்ல, சால்மொனெல்லா. நல்ல ஆரோக்கியமான ஊர்வனவற்றின் எச்சத்திலும் அந்தக் கிருமி இருக்கும், பாம்பைப் பார்த்து நோயுண்டா என்று கண்டுபிடிக்க முடியாது. அது பாம்பின் தோலுக்கும் கூண்டுக்கும் தண்ணீருக்கும் பரவி, அங்கிருந்து கைக்கும் வாய்க்கும் போகும். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அது கடும் வயிற்றுப்போக்கையும், சில சமயம் இரத்தத்தில் பரவும் தொற்றையும் கொடுக்கும். அதனால்தான் அந்த வயதுக் குழந்தைகள் ஊர்வனவற்றைத் தொடக்கூடாது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. தொடாமல் பார்த்துக்கொண்டாலும் அண்ணன் கைகழுவாமல் வந்து தங்கைக்கு பிஸ்கட் கொடுத்தால் போதும். கூண்டைச் சமையலறைத் தொட்டியிலோ குழந்தை குளிக்கும் தொட்டியிலோ கழுவினாலும் அதே கதி.

என் ஆலோசனை, மகளுக்கு 5 வயது ஆகும்வரை இரண்டு வருடம் தள்ளிப்போடுங்கள். மகனுக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் இந்தப் பாம்பு 15 ஆண்டுக்கு மேல் வாழக்கூடியது, அவன் கல்லூரிக்குப் போன பிறகு அதைப் பார்த்துக்கொள்ளப்போவது நீங்கள்தான். அந்த முடிவை அவசரமாக எடுக்க வேண்டியதில்லை. தள்ளிப்போட வழியே இல்லையென்றால், மகள் நுழையாத, கதவு பூட்டிய அறை, கூண்டைக் கழுவத் தனி வாளி, தூக்குவது பெரியவர் முன்னிலையில் மட்டும், முகத்தருகே கொண்டுபோகக் கூடாது. இந்த நான்கிலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வாங்கும் நாளில் ஆண் பாம்பாகக் கேளுங்கள். ஆண் 35 முதல் 45 செ.மீ. நீளத்தோடு நின்றுவிடும், பெண் அதைவிடக் கணிசமாகப் பெரியது, வாயும் பெரிது. உங்கள் தோட்டத்து ஈஸ்டர்ன் ஹாக்நோஸைப் பிடித்து வளர்க்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம், தேரையே தின்று பழகியது கூண்டில் பட்டினி கிடந்து சாகும். உங்கள் மாநிலத்திலும் நகரத்திலும் வாடகை வீடென்றால் ஒப்பந்தத்திலும் அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கூண்டில் பிறந்த குட்டிதானா என்பதை உறுதி செய்துகொண்டு, அது வேறு வாசனை எதுவும் தடவாத எலிக்குட்டியைத் தொடர்ந்து ஐந்து முறையாவது தின்ற பதிவைக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்கள் நிற்கும்போதே ஒன்று கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.